ஐராவதியில் உல்லாசக் கப்பல் போகாத பக்கம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பர்மா பேச்சு எழுந்தால், "பாட்டையா இருந்த ஊரை ஒரு தடவை பார்த்துட்டு வரணும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். பயண ஏற்பாடு செய்கிறவர்களிடம் கேட்டால் அவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது ஐராவதிக் கப்பல் பயணத்தைத்தான். மாண்டலேயில் ஏறிப் பாகானில் இறங்கலாம். மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, கரையெல்லாம் பொன் பூசிய பகோடாக்கள், சாயங்காலம் சிவந்து கிடக்கும் ஆறு. படத்தைப் பார்த்தாலே போகத் தோன்றும்.

ஆனால் பாட்டையா இருந்த ஊர் அந்தப் பாதையில் பெரும்பாலும் வராது. செட்டிநாட்டாரின் பர்மா, ஐராவதியின் கடைமடையில் இருந்தது. ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலைத் தொடுகிற நெல் நாடு அது. உல்லாசக் கப்பல்கள் ஓடுவது அதற்கு வடக்கே சில நூறு கிலோமீட்டர் தள்ளி. ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டு போனால்தான், கப்பலில் உட்கார்ந்து பார்க்கிற ஆறு நமக்கு யார் என்பது விளங்கும்.

ஐராவதி வடக்கே கச்சின் மலைநாட்டில், இரண்டு ஆறுகள் கூடும் மியிட்சோன் என்ற இடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 2,170 கி.மீ. தெற்கே ஓடி அந்தமான் கடலில் சேர்கிறது. நம் காவிரி ஏறத்தாழ 800 கி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். மேல் பகுதியில் மூன்று இடங்களில் ஆறு மலை இடுக்குக்குள் புகுந்து வருகிறது. மாண்டலேக்குக் கீழே நிலம் விரிந்து வறண்ட சமவெளி ஆகிறது. பாகானைத் தாண்டுவதற்குள் சின்ட்வின் என்ற பெரிய துணையாறு மேற்கிலிருந்து வந்து கலந்துவிடும். அப்புறம் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போன யெனாஞ்சாங், பழைய தலைநகரான பியே. அதற்கும் கீழே ஹிந்தாதா அருகில் ஆறு கிளை பிரிகிறது. ரங்கூன் நகரம் ஐராவதியின் மேலேயே இல்லை. பக்கத்து ஆற்றில் இருக்கிறது. துவாந்தே கால்வாய்தான் அதை ஐராவதியோடு இணைக்கிறது.

இந்த ஆற்றில் கப்பல் ஓட்டுவது லேசான வேலை இல்லை. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவில் மாண்டலேயில் நீர்மட்டம் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்கும். உலகத்திலேயே மிக அதிகமாக வண்டல் சுமக்கிற ஆறுகளில் இதுவும் ஒன்று. அதனால் மணல்திட்டு ஓரிடத்தில் நிற்காது. போன வருஷம் கப்பல் போன தடத்தில் இந்த வருஷம் கடலை பயிரிட்டிருப்பார்கள். அடிப்பாகம் தட்டையாக, ஒன்று ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மிதக்கக்கூடிய கப்பலாக இருந்தால்தான் சமாளிக்கும். அப்படியிருந்தும் தண்ணீர் குறைந்த மாதங்களில் ஓர் ஆள் முன்பக்கம் நின்று, வர்ணம் அடித்த மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே வருவார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பயணத்துக்கு நல்ல பருவம் என்கிறார்களே, அதற்குக் காரணம் குளிர்ந்த காற்று மட்டும் அல்ல. வெள்ளம் வடிந்திருக்கும், ஆறு இன்னும் வற்றியிருக்காது.

மேல் ஆற்றில் காட்சி இருக்கிறது, பழம்பெரும் தலைநகரங்கள் இருக்கின்றன, இரண்டு மூன்று நாளில் முடித்துக்கொள்ளலாம். எனவே சுற்றுலா அங்கே நிலைகொண்டது. 1990களின் நடுவில் பர்மா வெளிநாட்டாருக்குக் கதவைத் திறந்தபோது, ஜெர்மனியின் ரைன் ஆற்றில் ஓடிய ஒரு சொகுசுக் கப்பலை 1996-ல் கொண்டுவந்து மாண்டலே பாகான் இடையே விட்டார்கள். ஸ்காட்லாந்தில் 1947-ல் கட்டிய பழைய ஆற்றுக் கப்பல் ஒன்றையும் புதுப்பித்து ஓட்டினார்கள். அதன் தேக்குத் தளமும் பித்தளைக் கைப்பிடியும் பிரபலமாகி, அதே பாணியில் புதுக் கப்பல்கள் வந்தன.

அந்தப் பாணிக்கு ஒரு வரலாறு உண்டு. ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் 1865-ல் தொடங்கியது. கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் செய்து, பிரித்துக் கொண்டுவந்து, ரங்கூனுக்கு எதிர்க்கரையில் டல்லாவில் பூட்டி ஓட்டினார்கள். 1885 நவம்பரில் ஆங்கிலேயப் படை மாண்டலேயைப் பிடிக்க ஏறிப் போனது இந்தக் கம்பெனியின் கப்பல்களில்தான். பர்மாவின் கடைசி மன்னர் தீபா அரண்மனையிலிருந்து இறங்கி நாடு கடந்ததும் இவற்றில் ஒன்றில்தான். அவரைச் சென்னையில் சில மாதம் வைத்திருந்து, பிறகு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1916-ல் இறக்கும்வரை அவர் திரும்பவில்லை. 1920களின் கடைசியில் இந்தக் கம்பெனியிடம் 600க்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஆண்டுக்கு 80, 90 லட்சம் பேர் ஏறி இறங்கினார்கள். அவர்களில் முதல் வகுப்பு அறையில் போனவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன சனங்கள். ஊர் ஊராய் நின்று போகும் சந்தைக் கப்பல்களும் இருந்தன. தளத்தில் கடை வாடகைக்கு எடுத்துத் துணி, பாத்திரம், கருவாடு விற்றுக்கொண்டே போவார்கள். இன்றைய உல்லாசக் கப்பல் அந்த முதல் வகுப்பு அறையை மட்டும் மறுபடி கட்டிக் காட்டுகிறது. நம் ஆட்கள் ஏறியது மற்ற தளத்தில்.

சரி, தேக்குக்கு வருவோம். செட்டிநாட்டு வீடு என்றாலே வளவுத் தூண், நிலைக்கதவு, மாடி உத்தரம் என்று பர்மாத் தேக்கைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அது எப்படி வந்தது என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் காட்டில் மரத்தைத் தேர்ந்து, அடியில் பட்டையையும் வெளிக்கட்டையையும் வளையமாகச் செதுக்கி நின்ற நிலையிலேயே சாகவிடுவார்கள். அது காய ஏறக்குறைய மூன்று வருஷம். அப்புறம் வெட்டி, யானை கட்டி இழுத்து, வறண்ட ஓடைப் படுகையில் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் கட்டை நகரும். மழை பொய்த்தால் அடுத்த வருஷம்தான். ஐராவதிக்கு வந்ததும் கட்டைகளைப் பிணைத்துத் தெப்பமாக்கி, அதன்மேல் குடிசை போட்டுக் குடியிருந்தபடியே ரங்கூன் வரை ஓட்டி வருவார்கள். வளையம் வெட்டியதிலிருந்து மரம் துறைமுகம் சேரப் பல வருஷம் ஆகும். நம் வீடுகளில் உள்ள தூண் எல்லாமே ஐராவதியில் மிதந்தது என்று சொல்லிவிட முடியாது. சல்வீன் ஆற்றில் வந்து மோல்மீனில் கப்பலேறிய தேக்கும் ஏராளம். எந்த ஆறானாலும், ஒரு தூணுக்குப் பின்னால் ஒரு காடும் யானையும் சில மழைக்காலங்களும் இருக்கின்றன. வீட்டை இடித்து அந்தத் தூண்களை விலைக்குப் போடும்போது அது யார் நினைவிலும் இல்லாமல் போவது எனக்கு மிகவும் வலிக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதற்குப் பிறகும் இடிப்பு நிற்கவில்லை.

தேக்கு வீட்டுக்கு வந்த பொருள். அதை வாங்கிய பணம் நெல்லில் விளைந்தது. கதையின் கனமான பகுதி இதுதான்.

1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்போது ஐராவதிக் கழிமுகம் பெரும்பாலும் நாணல் காடும் சதுப்பு மரமும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தை பக்கத்தில் வந்துவிட, அரிசிக்குக் கிராக்கி ஏறியது. மேல் பர்மாவிலிருந்து விவசாயிகள் குடும்பம் குடும்பமாக இறங்கிவந்து காடு திருத்தினார்கள். 1850களில் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ் பர்மாவின் நெல் பரப்பு, 1930களில் 1 கோடி ஏக்கரை நெருங்கியது. உலகத்தில் அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக பர்மா ஆனது இப்படித்தான். ஆனால் காடு திருத்தி முதல் விளைச்சல் எடுக்கும்வரை சாப்பாட்டுக்கும் மாட்டுக்கும் விதைக்கும் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் சேற்றில் கால் வைக்கத் தயாராக இல்லை. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார்.

ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி, அதாவது நகரத்தார் கூடித் தொழில் நடத்திய பொது இல்லம். அங்கே வங்கிகளிடம் வாங்கிய பணமும், ஊரிலிருந்து வந்த முதலும், உறவினர் போட்டுவைத்த மேல்பணமும் சேரும். அங்கிருந்து கழிமுக ஊர்களுக்குப் பிரியும்: பசீன், மாபின், மியாங்மியா, பியாபோன், ஹிந்தாதா. ஒவ்வொரு வட்டிக்கடையிலும் ஒரு மேலாள், ஓர் அடுத்தாள், ஒரு பெட்டியடிப் பையன், ஒரு சமையல்காரர். சம்பளச் சீட்டு எழுதிப் பெரும்பாலும் மூன்று வருஷத் தவணைக்குப் போவார்கள். முடிந்ததும் ஊர் திரும்பி, கணக்கு ஒப்படைத்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி போவார்கள். 1929–30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. கீழ் பர்மாவின் எந்த விவசாயிக்கும் ஒரு நாள் பயண தூரத்தில் ஒரு செட்டியார் இருப்பார் என்றும் எழுதியது.

அந்த ஒரு நாள் பயணம் படகுப் பயணம். கழிமுகத்தில் சாலை அரிது. ஓடை, கால்வாய், கிளையாறு, எல்லாம் தண்ணீர்வழி. ஃப்ளோட்டில்லாவின் சின்னக் கப்பல்கள் இந்த ஓடைகளுக்குள் புகுந்து போயின. மழைக்காலத்தில் கடன் பணம் மேலே போகும். அறுப்பு முடிந்ததும் நெல் படகுகள் ரங்கூன், பசீன் ஆலைகளுக்கு இறங்கும். விற்ற பணத்தில் அசலும் வட்டியும் கடைக்கு வரும். கடை மட்டுமா? அந்த ஆலைகளில் மூட்டை தூக்கியவர்களிலும், வயலில் கூலிக்கு இறங்கியவர்களிலும், படகுத்துறையில் நின்றவர்களிலும் தமிழர்களும் தெலுங்கர்களும் பல்லாயிரம் பேர். இராமநாதபுரம், தஞ்சாவூர் மாவட்டங்களின் ஏழை வீடுகளிலும் பர்மா உண்டு. தேக்குத் தூண் இல்லாததால் அந்தக் கதை கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

1930-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானமாக இருந்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். நிலத்துக்கு ஆசைப்பட்டு யாரும் கடன் கொடுக்கவில்லை என்று நம் பக்கம் சொல்வார்கள். அது பெருமளவு உண்மைதான்: பணமாகப் புரள வேண்டிய முதல், விற்க முடியாத நிலமாகச் சிக்கிக்கொண்டது அவர்களுக்கும் பெரிய அடி. ஆனால் காடு திருத்தி, பாம்புக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைகளைக் கொடுத்து உண்டாக்கிய வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மிய விவசாயிக்கு இந்த விளக்கம் எந்த விதத்தில் ஆறுதல்? அவன் கண்ணுக்குத் தெரிந்தது எஜமானனாக மாறிவிட்ட அயல்நாட்டுக் கடைக்காரர். அந்தக் கோபம் கலவரமாயிற்று, அரசியலாயிற்று, சட்டமாயிற்று. 1948-ல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. போதிய இழப்பீடு வரவே இல்லை. 1962-ல் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும் கடைகளும் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். காரைக்குடியின் பர்மா காலனி அந்தப் பெயர்வின் அடையாளம். இழந்ததை நாம் வீடுதோறும் சொல்லி வளர்த்திருக்கிறோம். பர்மியர் இழந்ததையும் அதே மூச்சில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அங்கே பயணம் போகிற இளைஞருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருப்பது மரியாதை.

இடையில் 1942. ரங்கூனில் 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டு விழுந்தது. மார்ச் 8-ல் நகரம் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் வழியில் மடிந்தார்கள். ஒரு பெருங்கூட்டம் ஆற்றோடு மேலேறியது. ஃப்ளோட்டில்லா கப்பல்கள் அவர்களைச் சின்ட்வின் ஆற்றில் கலேவா வரை கொண்டுபோய் விட்டன. அங்கிருந்து தமு வழியாக மணிப்பூருக்கு மலையேறி நடை. ஆட்களை ஏற்றி முடித்த அந்தக் கப்பல்களை, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்களே மாண்டலேயிலும் கத்தாவிலும் ஆற்றில் மூழ்கடித்தார்கள். பிற்காலத்தில் சின்ட்வின் ஆறும் உல்லாசப் பயணத் தடமானது. மோனிவாவில் ஏறிக் கலேவா வழியே ஹோமலின் வரை போவார்கள். நம்மவர் யாராவது என்றைக்காவது அந்தக் கப்பலில் ஏறினால், கலேவாவில் ஒரு நிமிஷம் கரையிறங்கி நிற்க வேண்டும்.

மேல் ஆற்றில் தமிழனுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பாகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த வணிகர் ஒருவர், 'புக்கம் ஆன அரிவத்தனபுரத்து' நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்ததை அது சொல்கிறது. புக்கம் என்பது பாகான்தான். நகரத்தார் ரங்கூனில் பெட்டி வைப்பதற்கு ஆறு நூற்றாண்டு முன்பே ஐராவதிக் கரையில் ஒரு பெருமாள் கோயிலும் அதற்கு விளக்கேற்றும் வணிகரும் இருந்திருக்கிறார்கள். பாகானில் எல்லாரையும் அரக்குச் சாமான் பட்டறைக்கு அழைத்துப் போவார்கள். மூங்கில் பின்னலில் அரக்கு ஏற்றி, காயவைத்து, மறுபடி ஏற்றி, மாதக்கணக்கில் செய்கிற வேலை. நம் வீட்டுச் சாமான் அறைகளில் சீர்வரிசையோடு உட்கார்ந்திருக்கிற பர்மா அரக்குப் பெட்டிகளின் கைவினை இது. மாண்டலேக்கு வடக்கே, மீனவர்களுக்கு வலை நிரப்ப உதவும் ஐராவதி ஓங்கில்கள் (டால்பின்கள்) உண்டு. எண்ணிக்கை நூறைத் தொடாது. 2005-ல் ஆற்றின் ஒரு பகுதியை அவற்றுக்காகப் பாதுகாத்தார்கள்.

இப்போது போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். 2021 பிப்ரவரி 1 இராணுவப் புரட்சிக்குப் பிறகு, ஐராவதியின் இரு கரையிலும் உள்ள சகாயிங், மக்வே பகுதிகளே சண்டைக்களமாகின. 2025 மார்ச் 28 நிலநடுக்கம் 7.7 அளவு வலிமையோடு மாண்டலேயையும் சகாயிங்கையும் உலுக்கியது. ஆற்றின் குறுக்கே 1934-ல் கட்டிய ஆவா பாலம் உடைந்து விழுந்தது. இந்தியத் தூதரகத்தின் அறிவுரையைப் பார்க்காமல் யாரும் டிக்கெட் போடக் கூடாது.

காத்திருக்கும் நாட்களில் வீட்டில் செய்ய வேலை இருக்கிறது. பழைய பேரேடு, ஐந்தொகை, சம்பளச் சீட்டு, கடிதம் எது கிடைத்தாலும் கடையின் விலாசத்தையும் ஊர்ப் பெயரையும் குறித்து வையுங்கள். ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கின்றன: பசீன் இன்று பத்தேன், ஹென்சாடா ஹிந்தாதா, புரோம் பியே, மோல்மீன் மாவ்லமியைன். கழிமுகம் 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்த இடம். கடலோரப் பகுதியில் பழைய கட்டடம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். உள்நாட்டு ஊர்களில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில்கள் பலவற்றில் இன்றும் பூசை நடக்கிறது. விசாரிக்க முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அமைதி திரும்பிப் போக முடிகிற காலத்தில், மாண்டலே பாகான் கப்பலுக்கு எடுத்து வைத்த நாட்களில் இரண்டைக் கழிமுகத்துக்கு ஒதுக்குங்கள். ரங்கூனிலிருந்து துவாந்தே, மாபின் இரண்டும் ஒரே பகலில் போய் வரும் தூரம். பத்தேனுக்குச் சாலை உண்டு. ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும்.